வதரிக்கு நடந்த வழி



திருமங்கையாழ்வார் பெரிய திருமொழியைத் தொடங்குகிறார். முதல் திருமொழியில் எட்டெழுத்தின் பெருமையைச் சொல்கிறார். சொல்லி முடித்ததும் எந்த ஊருக்குப் போகிறார்? பிறந்த மண்ணாகிய திருவாலி நாட்டுக்கா? பக்கத்திலிருக்கும் திருநாங்கூருக்கா? இல்லை. நேரே இமயமலைக்குப் போய்விடுகிறார். இரண்டாம் திருமொழி திருப்பிரிதி. மூன்றும் நான்கும் வதரி, அதாவது நாம் பதரி என்றும் பதரிநாதம் என்றும் சொல்லும் தலம். அப்புறம் சாளக்கிராமம், நைமிசாரணியம், சிங்கவேள்குன்றம் என்று படிப்படியாக இறங்கித் திருவேங்கடத்துக்கு வருகிறார். சோழநாட்டுக்காரர், யாத்திரையைத் தலையுச்சியிலிருந்து ஆரம்பிக்கிறார்.

வதரியைப் பற்றிய முதல் பதிகத்தைப் பாருங்கள். பனிமலையைப் பாடப் போகிறார், கங்கையைப் பாடப் போகிறார் என்று நாம் காத்திருக்கிறோம். அவரோ கிழத்தனத்தைப் பாடுகிறார். ஒரு கை முதுகைப் பிடித்திருக்கிறது, மறு கை கோலை ஊன்றியிருக்கிறது. உடம்பு நடுங்குகிறது, பார்வை சுழல்கிறது, இருமல் விடவில்லை. ஒரு காலத்தில் இவனைத் தேடி வந்தவர்கள் இப்போது இவனைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். அந்த நாள் வருவதற்குள் வதரியை வணங்கிவிடுவோம் என்று பாட்டுக்குப் பாட்டு சொல்கிறார். மலையின் அழகெல்லாம் அடுத்த பதிகத்தில்தான் வருகிறது.

ஏன் இந்த வரிசை? வதரி காலால் போக வேண்டியிருந்த ஊர். வேறு வழியே இருந்ததில்லை. ஆழ்வார் காலத்தில் மட்டுமல்ல, நம் பாட்டனார் காலம் வரைக்கும் அப்படித்தான். 1962இல் சீனாவோடு போர் நடந்தது. அதற்குப் பிறகுதான், ராணுவத்தின் தேவைக்காக, மலையைக் குடைந்து மோட்டார் சாலையைக் கோயில் வரை கொண்டுபோனார்கள். அதற்கு முன்பு ரிஷிகேசத்திலிருந்து பதரிநாதம் வரை, ஏறக்குறைய 300 கிலோமீட்டர், அடி அடியாக நடந்தார்கள். வயதானவர்கள் வீட்டில் பாத்தியதைகளை எழுதிவைத்துவிட்டு, திரும்பி வந்தால் பார்ப்போம் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்கள்.

அவர்களுடைய கால்பலத்தை நாம் நிறையப் புகழ்ந்தாயிற்று. இன்றைக்கு அவர்களை நடத்திவைத்த கைகளைப் பற்றிப் பேசலாம் என்று நினைக்கிறேன். அந்தப் பாதையில் எம்பெருமான் முதலில் தரிசனம் தருவது பதரியில் அல்ல. வழியில் நீளும் கைகளில். இதை அடியேன் அலங்காரமாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொல்கிறேன், நீங்களே தீர்மானியுங்கள்.

ரிஷிகேசத்தைத் தாண்டியதும் லட்சுமண ஜூலா. இங்கே கங்கையைக் கடந்து கிழக்குக் கரைக்குப் போனால்தான் யாத்திரை தொடங்கும். 1889 வரைக்கும் அங்கே இருந்தது கயிற்றுப் பாலம். கீழே கங்கை சுழித்துக்கொண்டு ஓடுகிறது. மேலே சணல் கயிறு ஆடுகிறது. ஊரைத் தாண்டி அறியாத பாட்டிமார்கள் அதைப் பிடித்துக்கொண்டு கடந்திருக்கிறார்கள். அந்த ஆண்டில் கல்கத்தா வணிகர் சூரஜ்மல் ஜுன்ஜுன்வாலா தம் பணத்தில் இரும்புக் கயிற்றுப் பாலம் போட்டுக் கொடுத்தார். அதை 1924 அக்டோபரில் வந்த வெள்ளம் கொண்டுபோயிற்று. அப்புறம் கட்டிய பாலம் 1930இல் திறந்தது. நம்மில் பலர் நடந்தது அந்தப் பாலத்தில்தான்.

கல்கத்தாவில் கடை வைத்திருக்கும் வணிகருக்கு இந்தக் கயிற்றின் பயம் எப்படித் தெரிந்தது? ஒரு சந்நியாசி போய்ச் சொன்னார். சுவாமி விசுத்தானந்தர் என்று அவருக்குப் பெயர். அந்தப் பெயரைச் சொன்னால் வடக்கே யாருக்கும் தெரியாது. காலி கம்லிவாலா பாபா என்றால் எல்லோருக்கும் தெரியும். கறுப்புக் கம்பளிச் சாமியார். ஒரு கறுப்புக் கம்பளியைத் தவிர உடம்பில் வேறொன்றும் போடாதவர். பஞ்சாபிலிருந்து வந்தவர். பதரிக்கும் கேதாரத்துக்கும் போகிற வழியில் ஜனங்கள் படும் பாட்டைக் கண்ணால் பார்த்தார். குடிக்கத் தண்ணீர் இல்லை, ஒதுங்கக் கூரை இல்லை, காய்ச்சல் வந்தால் பாறையோரம் படுத்துக் கிடக்க வேண்டியதுதான். பார்த்தவர் குகை தேடிப் போயிருக்கலாம். அவர் மலையைவிட்டு இறங்கினார், வணிகர்களின் வாசலில் போய் நின்றார். தமக்காக அல்ல, முகம் தெரியாத யாத்ரிகர்களுக்காகக் கையேந்தினார். அந்தப் பிச்சையில்தான் ரிஷிகேசத்தில் அன்னசத்திரம் எழுந்தது, வழிநெடுகத் தர்மசாலைகள் எழுந்தன, தண்ணீர்ப் பந்தல்கள் வந்தன. மலையேறும் சாதுக்களுக்கு ஒரு சீட்டு எழுதிக் கொடுப்பார்கள். அந்தச் சீட்டை வழியிலுள்ள சத்திரங்களில் காட்டினால் மாவும் பருப்பும் அளந்து கொடுப்பார்கள்.

ஒரு ஞானி, எல்லாம் மாயை என்று படித்தவர், யாத்ரிகனுடைய பசியை மட்டும் மாயை என்று சொல்லவில்லை. அடியேனுக்கு வேதாந்தத்தில் சந்தேகம் வரும்போதெல்லாம் இந்தக் கறுப்புக் கம்பளியைத்தான் நினைத்துக்கொள்வேன்.

பாலம் தாண்டினால் கருட சட்டி, பூல் சட்டி, மோகன் சட்டி, மகாதேவ சட்டி, வியாச சட்டி. சில மைலுக்கு ஒரு சட்டி. நம் ஊர்ச் சத்திரம் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் பெரிய வித்தியாசம் உண்டு. தஞ்சாவூரிலிருந்து ராமேசுவரம் போகிற சாலையில் மராட்டிய ராஜாக்கள் சத்திரங்கள் கட்டினார்கள். அது அரசனுடைய தர்மம். மலைப்பாதையில் இருந்த சட்டிகளோ பெரும்பாலும் அந்தந்த ஊர்க் குடியானவர்களுடையவை. நீளமான ஒரு கொட்டகை, மெழுகிய தரை, வரிசையாக மண்ணடுப்புகள். வாசல்பக்கம் ஒரு சின்ன மளிகைக் கடை. அரிசி, கோதுமை மாவு, பருப்பு, நெய், வெல்லம், உருளைக்கிழங்கு, கொஞ்சம் உப்பு. அந்தக் கடையில் சாமான் வாங்கினால் போதும். தங்குவதற்குக் காசு கிடையாது. சமைக்கிற பாத்திரத்துக்கும் காசு கிடையாது. காலையில் சாம்பல் போட்டுத் துலக்கிக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கிளம்ப வேண்டும், அவ்வளவுதான்.

இதிலிருக்கும் நயத்தைக் கவனியுங்கள். யாத்ரிகன் பிச்சைக்காரன் ஆகவில்லை, சாமானுக்கு விலை கொடுத்துவிட்டான். சட்டிக்காரனும் ஏமாளி ஆகவில்லை, அவன் குடும்பம் பிழைத்தது. நடுவில் கூரையும் பாத்திரமும் மட்டும் தானமாக நின்றன. கொடுப்பவன் உயர்ந்தான், வாங்குபவன் தாழ்ந்தான் என்ற பேச்சுக்கு இடமே வைக்காத ஏற்பாடு. இதை எந்த ராஜாவும் சட்டம் போட்டுக் கொண்டுவரவில்லை. ஏழை மலைவாசிகள் தாங்களாகவே அமைத்துக்கொண்டது.

யாத்ரிகர்கள் விடிவதற்குள் எழுந்து நடப்பார்கள். வெயில் ஏறும்போது ஒரு சட்டியில் உட்கார்ந்து சமைப்பார்கள். சாயங்காலம் மறுபடி கொஞ்சம் நடை. நடக்க முடியாதவர்களை மலைக்காரர்கள் முதுகுக் கூடையில் வைத்துத் தூக்கிக்கொண்டு போவார்கள். கண்டி என்று அந்தக் கூடைக்குப் பெயர். வசதியுள்ளவர்களுக்கு நாலு பேர் தூக்கும் டண்டி. எதிரே திபெத்து எல்லையிலிருந்து உப்பு மூட்டை சுமந்த ஆட்டு மந்தைகள் வரும். ஒற்றையடிப் பாதையில் மலைச்சுவரோடு ஒட்டி நின்று வழிவிட வேண்டும்.

இந்தப் பாதையில் நம் திருநெல்வேலிச் சீமைக் கை ஒன்றும் இருந்தது. பத்தமடையில் 1887இல் பிறந்த குப்புசாமி, டாக்டராக மலேயாவில் நல்ல நிலையில் இருந்தவர், எல்லாவற்றையும் விட்டுவிட்டு 1924இல் ரிஷிகேசம் வந்து சந்நியாசம் வாங்கிக்கொண்டார். சுவாமி சிவானந்தர். துறந்தது பணத்தையும் பதவியையும். மருத்துவத்தை அவர் துறக்கவில்லை. 1927இல் லட்சுமண ஜூலாவில் இலவச வைத்தியசாலை தொடங்கினார். பதரிக்கும் கேதாரத்துக்கும் போகிற யாத்ரிகர்கள் அந்த வழியாகத்தான் போயாக வேண்டும். கால் வெடிப்பு, பேதி, காய்ச்சல், எல்லாவற்றுக்கும் அவரே மருந்து கட்டினார்.

அவர் சரித்திரத்தைச் சொல்பவர்கள் தவறாமல் சொல்லும் நிகழ்ச்சி ஒன்று உண்டு. ஒரு யாத்ரிகருக்கு மருந்து கொடுத்து அனுப்பினார். அவர் மலையேறிப் போய்விட்டார். இரவில் யோசித்துப் பார்க்கும்போது, இந்த நோய்க்கு அதைவிட நல்ல மருந்து இருக்கிறதே என்று தோன்றியிருக்கிறது. மறுநாள் அந்த மருந்தை எடுத்துக்கொண்டு பாதையில் ஓடினார். பல மைல் ஓடி, அந்த மனிதரைப் பிடித்து, கையில் கொடுத்துவிட்டுத் திரும்பினார். கொடுத்த மருந்து கெட்ட மருந்தல்ல. இன்னும் நல்லது இருக்கிறது என்பதற்காக ஓடினார். யாத்ரிகன் பகவானை நோக்கி நடக்கிறான், அவன் பின்னால் ஒரு மகான் மருந்துப் புட்டியோடு ஓடி வருகிறார். இதில் யார் யாரைத் தேடி யாத்திரை போகிறார்?

தேவப்பிரயாகைக்கு வருவோம். நம் பெரியோர்கள் திருக்கண்டமென்னும் கடிநகர் என்று சொல்லும் திவ்விய தேசம் இதுதான். ஸ்ரீவில்லிபுத்தூர் பெரியாழ்வார் இதைப் பாடியிருக்கிறார். ஒரு பக்கம் பாகீரதி இரைந்துகொண்டு வருகிறாள், மறுபக்கம் அலகநந்தா அமைதியாக வருகிறாள். இரண்டும் சேருமிடத்திலிருந்துதான் கங்கை என்ற பெயர். நீரின் வேகம் எப்படிப்பட்டதென்றால், முழுக்குப் போடுகிறவர்கள் பிடித்துக்கொள்ள இரும்புச் சங்கிலிகள் கட்டியிருக்கிறார்கள். மேலே ரகுநாதர் கோயில். 1803இல் இந்த மலைநாடாகிய கடுவாலையே குலுக்கிய பூகம்பத்தில் அது சிதைந்தது. குவாலியர் தௌலத்ராவ் சிந்தியா பொருள் கொடுத்துச் செப்பனிட்டார்.

இந்த ஊர்ப் பண்டாக்கள்தாம் பதரி யாத்ரிகர்களுக்குப் புரோகிதர்கள். தங்கள் முன்னோர் தெற்கேயிருந்து வந்தவர்கள் என்று சொல்லிக்கொள்ளும் குடும்பங்கள் அவர்களில் உண்டு. அவர்களிடம் நீளமான பேரேடுகள் இருக்கின்றன. எந்த ஊரிலிருந்து, எந்தக் குடும்பம், யார் யார் வந்தார்கள் என்று தலைமுறை தலைமுறையாக எழுதிவைத்திருக்கிறார்கள். வந்தவர்கள் தத்தம் எழுத்திலேயே பெயர் எழுதுவார்கள். பாதையில் எத்தனையோ பேர் திரும்பாமல் போனார்கள். அவர்கள் இங்கே வந்தார்கள் என்பதற்கு அந்தத் தாள்தான் சாட்சி. பெயரை மறக்காமல் வைத்திருப்பதும் ஒரு கைங்கரியம்தான்.

அடுத்தது ஸ்ரீநகர். காஷ்மீரத்து ஊர் அல்ல, கடுவால் ராஜாக்களின் பழைய தலைநகர். இந்த ஊரைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேசவேண்டும். 1803 பூகம்பம் இதை உடைத்தது. உடைந்த கையோடு கூர்க்காப் படை வந்து ராஜ்யத்தைப் பிடித்தது. 1815இல் கூர்க்காக்கள் போனார்கள், ஊர் ஆங்கிலேயர் கைக்கு வந்தது, ராஜா டெஹ்ரிக்குப் போய்விட்டார். அரண்மனை பாழாயிற்று, அந்தஸ்து போயிற்று. யாத்ரிகர்கள் மட்டும் நிற்காமல் வந்துகொண்டே இருந்தார்கள்.

இங்கே கமலேசுவரர் கோயில் இருக்கிறது. ஆயிரம் தாமரை கொண்டு திருமால் சிவனைப் பூஜித்தபோது ஒன்று குறைந்ததும், கண்ணையே மலராக அர்ப்பணிக்கத் துணிந்ததும் அந்தக் கோயிலின் கதை. கேட்கும்போது நம்முடைய திருவீழிமிழலை நினைவுக்கு வருகிறதல்லவா? காவிரிக் கரையிலும் அலகநந்தாக் கரையிலும் ஒரே கதை. கார்த்திகை மாதத்து வைகுண்ட சதுர்த்தசி இரவில், பிள்ளை வரம் வேண்டுகிற தம்பதிகள் இந்தக் கோயிலில் கையில் விளக்கை ஏந்தி விடியவிடிய நிற்பார்கள். மலைக்குளிரில், உட்காராமல்.

1893 செப்டம்பரில் மேலே பிரஹி நதிப் பள்ளத்தாக்கில் மலையே சரிந்து விழுந்தது. ஏறக்குறைய 270 மீட்டர் உயரத்துக்கு மண்ணும் பாறையும் நதியை அடைத்துவிட்டன. பின்னால் கோனா ஏரி பெருகத் தொடங்கியது. அணை என்றைக்காவது உடையும், உடைந்தால் கீழே உள்ள ஊர்கள் ஒன்றும் மிஞ்சாது. என்ன செய்தார்கள் தெரியுமா? புல்ஃபோர்டு என்ற பொறியாளர் போய்ப் பார்த்துவிட்டு, அடுத்த ஆண்டு ஆகஸ்டு வாக்கில் தண்ணீர் மேல்விளிம்பைத் தொடும் என்று கணக்குப் போட்டார். மலையிலிருந்து கீழேவரை தந்திக் கம்பி இழுத்தார்கள். ஏரிக்கரையில் ஆட்கள் காவல் இருந்தார்கள். வெள்ளம் எதுவரை ஏறும் என்று பள்ளத்தாக்கு நெடுகிலும் அடையாளத் தூண்கள் நட்டார்கள். பாலங்களைக் கழற்றி எடுத்தார்கள். யாத்ரிகர்களை வேறு பாதையில் திருப்பினார்கள்.

1894 ஆகஸ்டு 25ஆம் தேதி இரவு அணை உடைந்தது. விடிவதற்குள் பழைய ஸ்ரீநகர் இல்லை. வீடுகள் போயின, கடைவீதி போயிற்று, அரண்மனையில் மிஞ்சியிருந்ததும் போயிற்று. ஜனங்களோ மேட்டில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். எச்சரித்தும் கேளாமல் ஆபத்தான இடத்துக்குத் திரும்பிப் போன ஒரு பக்கிரியும் அவர் குடும்பத்தாரும், ஆக ஐந்து பேர்தாம் மாண்டார்கள் என்று பதிவு இருக்கிறது. மற்ற அத்தனை உயிரும் தப்பிற்று.

இதை ஏன் ஆன்மீகச் சொற்பொழிவில் சொல்கிறேன் என்று யாராவது நினைக்கலாம். பகவான் காப்பாற்றினான் என்று நாம் சொல்கிறோமே, எப்படிக் காப்பாற்றினான்? சரியாகக் கணக்குப் போட்ட ஒருவர் மூலமாக. மழையில் ஏரிக்கரையில் கண்விழித்த காவலாள் மூலமாக. தந்திக் கம்பியில் விரலை வைத்து, ஓடுங்கள் என்று தட்டியவன் மூலமாக. அவர்களில் அநேகர் பதரிநாதனைச் சேவித்திருக்கவும் மாட்டார்கள். பதரிநாதனுடைய வேலையை அவர்கள் செய்தார்கள். கண்விழித்துக் காவல் இருப்பதும் ஜபம்தான் என்று அடியேன் உறுதியாக நம்புகிறேன்.

ருத்திரப்பிரயாகையில் மந்தாகினி வந்து சேர்கிறது. இங்கே பாதை இரண்டாகப் பிரியும். நேரே போனால் பதரி, மந்தாகினிக் கரையோடு போனால் கேதாரம். 1918 முதல் 1926 வரை, எட்டு வருஷம், இந்தப் பகுதியில் ஒரு சிறுத்தை மனிதர்களைத் தின்றுகொண்டிருந்தது. அரசாங்கக் கணக்கில் 125 பேர். 1926 மே மாதம் ஜிம் கார்பெட் அதைக் குலாப்ராய் என்ற இடத்தில், யாத்திரைப் பாதையை ஒட்டிய ஒரு மாமரத்தில் உட்கார்ந்திருந்து சுட்டார். அந்தக் கதையை அவர் புத்தகமாக எழுதி உலகமே படித்திருக்கிறது.

அதில் என் மனத்தை விட்டு அகலாதவர் கார்பெட் அல்ல. குலாப்ராயில் யாத்ரிகர்களுக்கு இடம் கொடுத்துக்கொண்டிருந்த ஒரு பண்டிதர். ஓர் இரவில் சிறுத்தை அவர் கழுத்தைப் பிடித்தது. உதைத்துத் தள்ளிவிட்டு உயிர் தப்பினார். காயம் ஆற வெகுநாள் ஆயிற்று. சத்திரத்தை மூடிவிட்டு ஊருக்குப் போயிருக்கலாம், யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் போகவில்லை. அந்தி சாயும்போது பயந்து ஓடி வரும் யாத்ரிகர்களை உள்ளே விட்டுக் கதவைச் சாத்த ஓர் ஆள் வேண்டுமே.

கர்ணப்பிரயாகை, நந்தப்பிரயாகை, சமோலி, பீபல்கோடி. நதிகளின் பெயர் மாறுகிறது, மலை உயர்கிறது, வயல் சுருங்குகிறது. நாமும் வேகமாகக் கடந்து ஜோஷிமடத்துக்குப் போய்விடுவோம். ஆதிசங்கரர் வடக்கே நிறுவிய ஜோதிர்மடம் இங்கேதான். திருமங்கையாழ்வார் பாடிய திருப்பிரிதியும் இந்த ஊர்தான் என்று பெரியோர் பலர் கொள்வார்கள். நரசிங்கப் பெருமாள் எழுந்தருளியிருக்கிறார். அவருடைய ஒரு கை மணிக்கட்டில் நாளுக்கு நாள் மெலிந்துகொண்டு வருவதாகவும், அது பிரிந்து விழும் நாளில் நர நாராயண மலைகள் சேர்ந்து பதரிக்கு வழி அடைபட்டுப்போகும் என்றும், அதன்பின் பெருமான் பவிஷ்ய பதரியில் சேவை சாதிப்பார் என்றும் அந்த ஊரார் நம்புகிறார்கள்.

2023 ஜனவரியில் இந்த ஊரின் நிலம் உள்வாங்கியது. நூற்றுக்கணக்கான வீடுகளில் சுவர் பிளந்தது, குடும்பங்கள் கொட்டும் குளிரில் வெளியேறின. பழைய நிலச்சரிவின் மேல் அமைந்த ஊர் இது, பெரிய கட்டடங்கள் வேண்டாம், பாறைகளை வெடிவைத்துத் தகர்க்காதீர்கள் என்று 1976லேயே மிஸ்ரா குழு அறிக்கை கொடுத்திருந்தது. கேட்டோமா? ஸ்ரீநகரில் எச்சரிக்கையைக் கேட்டார்கள், உயிர் பிழைத்தது. இங்கே கேட்கவில்லை. நரசிங்கப் பெருமாளின் கை மெலிகிறதே என்று கண்ணீர் விடுகிற நாம், அவர் நிற்கிற மலையின் கை மெலிவதையும் பார்க்கவேண்டாமா? யாத்ரிகர் வசதிக்காகத்தானே அத்தனையும் கட்டப்பட்டது. அந்தப் பொறுப்பில் ஒரு பங்கு பக்தர்களாகிய நமக்கும் உண்டு. இதைச் சொல்லாமல் போனால் அடியேன் இந்த மேடையில் உட்காரத் தகுதியில்லாதவன்.

ஜோஷிமடத்திலிருந்து விஷ்ணுப்பிரயாகைக்குச் செங்குத்தான இறக்கம். பாண்டு மகாராஜா தவமிருந்ததாகச் சொல்லும் பாண்டுகேசுவரம். அதைத் தாண்டி அனுமன் சட்டி. பீமன் இந்த வழியாக வேகமாக வந்தானாம். குறுக்கே ஒரு கிழக்குரங்கு படுத்திருந்தது. வாலை எடு என்றான். எனக்குத் தள்ளாது, நீயே நகர்த்திவிட்டுப் போ என்றது குரங்கு. பதினாயிரம் யானை பலம் கொண்டவனால் அந்த வாலை அசைக்க முடியவில்லை. பதரிக்கு மிஞ்சியிருப்பது கொஞ்ச தூரம். அங்கேயா இந்தப் பரீட்சை? ஆமாம், அங்கேதான் வைக்கவேண்டும். இத்தனை தூரம் நடந்து வந்தவனுக்கு ஒரு எண்ணம் வந்துவிடும்: நான் நடந்தேன். என் கால், என் விரதம், என் வைராக்கியம். பாலம் போட்டவனையும் பாத்திரம் கொடுத்தவனையும் மறந்துவிடுவான்.

அப்பர் பெருமானை நினைத்துக்கொள்ளுங்கள். கயிலையைக் காணாமல் திரும்பமாட்டேன் என்று முதுமையில் நடந்தார். கால் தேய்ந்தது, கையால் தவழ்ந்தார். கையும் தேய்ந்தது, மார்பால் ஊர்ந்தார், உடம்பால் புரண்டார். இனி ஓர் அங்குலம் நகர வழியில்லை என்ற நிலையில் பெருமான் முனிவராக வந்து ஒரு பொய்கையைக் காட்டினார். மூழ்கியவர் திருவையாற்றில் எழுந்தார், அங்கே கயிலைக் காட்சி. நடந்து சேர்ந்தாரா? சேர்க்கப்பட்டார். நாம் நடப்பது நம் கடமை. சேர்ப்பது வேறு கை.

தேவதர்சனி என்ற திருப்பத்தில் கோயில் முதன்முதலாகக் கண்ணில் படும். பழைய யாத்ரிகர்கள் அந்த இடத்தில் பாதையிலேயே விழுந்து வணங்குவார்கள். 3,100 மீட்டர் உயரம். பின்னால் நீலகண்டச் சிகரம். கோயில் வாசலில் தப்தகுண்டம், கொதிக்கக் கொதிக்க வெந்நீர். விறைத்துப்போய் வந்தவன் முதலில் உடம்பைக் காய்ச்சிக்கொண்டுதான் உள்ளே போகிறான். எம்பெருமானும் சட்டிக்காரர் போலத்தான், முதலில் களைப்பைத் தீர்க்கிறான்.

உள்ளே கறுத்த சாளக்கிராமத் திருமேனி, பத்மாசனத்தில். பூஜை செய்யும் ராவல் கேரளத்து நம்பூதிரி. எம்பெருமான் திருமேனிக்குச் சாத்தும் எள்ளெண்ணெயை டெஹ்ரி ராஜ குடும்பத்துப் பெண்களும் சுமங்கலிகளும் நரேந்திர நகர் அரண்மனையில் தங்கள் கையால் பிழிகிறார்கள். டிம்ரி அந்தணர்கள் அந்தக் குடத்தை ஊர் ஊராக ஊர்வலமாகக் கொண்டுவருகிறார்கள். கார்த்திகைப் பனி தொடங்கியதும் கோயிலை மூடுவார்கள். ஆறு மாதம் யாத்ரிகர் யாரும் சேவிக்கமுடியாது. மூடுகிற நாளில் பெருமானுக்கு ஒரு கம்பளி போர்த்துகிறார்கள். பக்கத்திலுள்ள மாணா கிராமத்துக் கன்னிப் பெண்கள் நெய்த கம்பளி. அதை நெய்யில் தோய்த்துப் போர்த்திவிட்டு, விளக்கை ஏற்றிவைத்துவிட்டுக் கதவைச் சாத்துகிறார்கள். வெயில் காலத்தில் திறக்கும்போது அந்தக் கம்பளியைப் பிய்த்துப் பிரசாதமாகக் கொடுப்பார்கள். நெய் ஈரம் உலராமல் இருந்தால் வருஷம் நன்றாயிருக்கும் என்று நம்பிக்கை.

எம்பெருமானுக்குக் குளிருமா? வைகுண்டநாதனுக்கு மாணா கிராமத்துப் பெண் நெய்த கம்பளி எதற்கு? வழியெல்லாம் பிறர் கையால் வாழ்ந்து வந்து நிற்கிறானே யாத்ரிகன், அவனுக்கு முன்னால் பெருமானும் பிறர் கையால் போர்த்தப்பட்டு உட்கார்ந்திருக்கிறான். எண்ணெய் ஒருவர் கை, பூஜை ஒருவர் கை, கம்பளி ஒருவர் கை. கறுப்புக் கம்பளிச் சாமியார் ஊர் ஊராகப் போய்ப் பிச்சை எடுத்ததில் ஒரு குறையும் இல்லை என்பது அங்கே போனால் விளங்கிவிடும். வாங்கிக்கொள்வது இழிவென்றால், பதரிநாராயணன் அந்தக் கம்பளியை வாங்கிக்கொண்டிருப்பானா?

உங்களில் சிலர் இந்த ஆண்டு நடை திறந்ததும் போவதாகச் சொன்னீர்கள். வண்டியில் போவதில் தவறொன்றுமில்லை, வயதானவர்கள் வேறெப்படிப் போவார்கள்? முடிந்தவர்கள் லட்சுமண ஜூலாவிலிருந்து பூல் சட்டி வரையிலாவது பழைய பாதையில் நடந்து பாருங்கள். ஜோஷிமடத்தில் ஓர் இரவு தங்கி உடம்பை உயரத்துக்குப் பழக்கிக்கொண்டு மேலே ஏறுங்கள். கட்டுச்சாதத்தை முழுவதும் இங்கிருந்தே கட்டிக்கொண்டு போகாதீர்கள், பாதையோரக் கடைகளில் சாப்பிடுங்கள், அந்தக் குடும்பங்கள் ஆறு மாத வியாபாரத்தில் பன்னிரண்டு மாதம் வாழ்கின்றன. சரிந்து விழும் பாறையை அப்புறப்படுத்திக்கொண்டு சாலையோரம் நிற்பார்கள் கூலியாட்கள், தூரதேசத்திலிருந்து வந்த ஏழைகள். உண்டியலில் போடுவதில் ஒரு பகுதியைக் கம்பளிக் கையுறையாக வாங்கி அவர்களிடம் கொடுங்கள். பிளாஸ்டிக் பையை அலகநந்தாவில் போடாதீர்கள்.

ருத்திரப்பிரயாகையில் மற்றொரு பாதையை விட்டுவிட்டு வந்தோம். நாளை மாலை அங்கே திரும்பிப் போய், மந்தாகினிக் கரையோடு அகஸ்தியமுனி, குப்தகாசி, கௌரிகுண்டம் வழியாக, சம்பந்தரும் சுந்தரரும் பாடிய திருக்கேதாரத்துக்குப் போவோம். 2013 வெள்ளத்தைப் பற்றியும் அங்கே பேசவேண்டியிருக்கிறது, ஆகவே கொஞ்சம் முன்னதாகவே தொடங்கலாம்.